3ஆம் எண் கூண்டு, ஆரஞ்சு அலர்ட்: எதைப் பார்த்துக் கிளம்புவது?

முதுநகர்வாசி:
கடலூரில் தரைத்தள வீடு எங்களுடையது. போன மழையில் துறைமுகத்தில் 3ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருந்தார்கள், டிவியில் ஆரஞ்சு அலர்ட் ஓடியது. "பத்துக்கு மூன்றுதானே, ஒன்றும் ஆகாது" என்றார் அப்பா. ராத்திரி இரண்டு மணிக்குக் கூடத்தில் தண்ணீர். அரிசி மூட்டையை ஆளுக்கொரு முனை பிடித்துக் கட்டில் மேல் ஏற்றினோம். இந்த எண்ணுக்கும் நிறத்துக்கும் என்ன சம்பந்தம்?

விசைப்படகு:
தம்பி, சம்பந்தமே இல்லை. கூண்டு கப்பலுக்கும் படகுக்கும் ஏற்றுவது. 1, 2 என்றால் தூரத்தில் கடலில் ஏதோ உருவாகியிருக்கிறது. 3, 4 என்றால் துறைமுகத்துக்கே மோசமான வானிலை வரப்போகிறது. 5, 6, 7 மூன்றுக்கும் அபாயம் ஒரே அளவுதான், புயல் துறைமுகத்தை எந்தப் பக்கம் விட்டுக் கடக்கும், இல்லை நேராக மேலேயே வருமா என்பதுதான் வித்தியாசம். 8, 9, 10 தீவிரப் புயலுக்கு, அதே கணக்கு. 11 என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது. இதைப் பரீட்சை மார்க் மாதிரி படிக்காதீர்கள். உங்கள் தெருவில் எவ்வளவு மழை பெய்யும் என்று கூண்டு சொல்லாது. அப்புறம் ஒன்று, புயலின் கண் கடக்கும்போது காற்று திடீரென்று அடங்கும், முடிந்துவிட்டது என்று வெளியே போகாதீர்கள், எதிர்த்திசையிலிருந்து மறுபடி அடிக்கும்.

மழைமானி:
வீட்டுக்கு நிறம்தான். மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிருங்கள், ஆரஞ்சு என்றால் தயாராகுங்கள், சிவப்பு என்றால் உடனே செயலில் இறங்குங்கள். 24 மணி நேரத்தில் 7 முதல் 11 செ.மீ. கனமழை, 12 முதல் 20 மிக கனமழை, அதற்கு மேல் அதி கனமழை. பெரும்பாலும் அதி கனமழைக்குத்தான் சிவப்பு. ஆனால் சிவப்புக்கு மேல்வரம்பு கிடையாது: 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது, 21 செ.மீ.க்கும் அதே நிறம்தான்.

தாமிரபரணிக்காரி:
அந்த டிசம்பரில் நாங்கள் மாடியில்தான் இருந்தோம். என்னைக் கேட்டால் தரைத்தளத்தில் இருப்பவர்களுக்கு ஆரஞ்சிலேயே வேலை ஆரம்பம். ரேஷன் கார்டு, பத்திரம், பெரியவர்களின் மாத்திரை எல்லாம் பாலிதீன் பையில் போட்டு மேலே ஏற்றிவிடுங்கள், போனை முழுக்கச் சார்ஜ் போடுங்கள், மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077ஐப் பதிந்து வையுங்கள். நிறம் மாவட்டம் முழுவதற்கும் சேர்த்துச் சொல்வது, உங்கள் தெரு பள்ளமா மேடா என்று அதற்குத் தெரியாது. மழை விட்டாலும் ஆற்றைப் பாருங்கள். 2024இல் ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு கரையைக் கடந்தது, சாத்தனூர் அணை திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் உங்கள் ஊருக்கு வந்தது அதற்கப்புறம்தான். சரி, உங்கள் மீட்டர் பெட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது?

முதுநகர்வாசி:
இரண்டடிகூட இல்லை அக்கா. அன்றைக்கு மெயினை அணைக்கவும் இல்லை.

தாமிரபரணிக்காரி:
முதலில் அதை மேலே ஏற்றச் சொல்லி எழுதிக் கொடுங்கள். அதுவரை, தண்ணீர் வாசற்படியைத் தொடுவதற்கு முன்பே மெயினை அணைத்துவிடுங்கள். தண்ணீர் உள்ளே வந்தபிறகு யாரும் அந்தப் பெட்டி பக்கம் போகவே கூடாது.