ரேண்டம் சீட் மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் பிஎஃப்ஜிஎஸ் நகரமாட்டேன் என்கிறது

கேள்வி:
மருந்துக் கிடங்கு ஒன்றில் 8 மருந்துகளுக்கு, ஸ்டாக் எவ்வளவுக்குக் கீழே இறங்கினால் ஆர்டர் போடுவது என்று கண்டுபிடிக்க வேண்டும். ஒரு வருட விற்பனையைப் பைத்தானில் சிமுலேட் செய்து மொத்தச் செலவைத் தரும் ஃபங்ஷன் வைத்திருக்கிறேன். பைத்தானின் கணித நூலகமான சைபையில் (SciPy) பிஎஃப்ஜிஎஸ் (BFGS) என்ற, குறைந்தபட்சத்தைத் தேடும் முறையை ஓட்டினால், தொடங்கிய இடத்திலேயே நின்று துல்லியம் போய்விட்டது என்று எச்சரிக்கிறது. அதே அளவுகளைக் கொடுத்தாலும் செலவு ஒவ்வொரு தடவையும் 2,000 ரூபாய் முன்னே பின்னே வருகிறது. அதனாலா?

பதில் 1:
அதேதான். கிரேடியன்ட்டை (அளவு மாறினால் செலவு எந்த வேகத்தில் மாறும் என்ற சரிவை) நீங்கள் தராவிட்டால் சைபையே அளவைத் துளி நகர்த்தி, செலவு எவ்வளவு மாறுகிறது என்று பார்க்கும். அந்தத் துளி சுமார் 0.000000015. 2,000 ரூபாயை அதால் வகுத்தால் சரிவு 13,000 கோடி என்று வரும்! ரேண்டம் சீடை, அதாவது ரேண்டம் எண் வரிசையைத் தொடங்கிவைக்கும் எண்ணை, நிலையாக வைத்துப் பாருங்கள்.

கேட்டவர்:
வைத்தேன். இப்போது 'வெற்றிகரமாக முடிந்தது' என்கிறது. சுற்றுகள்: 0. கிண்டல் செய்கிறதா?

பதில் 2:
சிமுலேஷனுக்குள் அளவை முழு எண்ணாக்குகிறீர்கள்தானே? (அரை அட்டைக்கு யார் ஆர்டர் போடுவார்கள்?) அப்படியென்றால் உங்கள் ஃபங்ஷன் ஒரு படிக்கட்டு. அத்தனை சிறிய நகர்வில் ஒரு படியைக்கூடத் தாண்ட முடியாது, கிரேடியன்ட் சுத்தமாக 0. அது கிடக்கட்டும், ஒரே சீடில் விடை கிடைத்தாலும் அது அந்த ஒரு கற்பனை வருடத்துக்குத்தான் பொருந்தும்.

இங்கே பிஎஃப்ஜிஎஸ் வேண்டாம். கிரேடியன்ட்டுகளின் வித்தியாசத்தை வைத்து வளைவை ஊகிக்கும் முறை அது. செலவில் இப்படி ரேண்டமான ஆட்டம் (இரைச்சல்) இருந்தால் அந்த ஊகமே கெட்டுவிடும். ஸ்பால் 1992-இல் வெளியிட்ட எஸ்பிஎஸ்ஏ (SPSA) என்ற முறையைப் பாருங்கள். ஒவ்வொரு மருந்துக்கும் நாணயம் சுண்டி + அல்லது - முடிவு செய்து, எட்டையும் ஒரே நேரத்தில் 5 அட்டை நகர்த்தி ஒரு ஓட்டம், நேர் எதிர்ப்பக்கம் நகர்த்தி இன்னொன்று. இரண்டு செலவுகளின் வித்தியாசத்திலிருந்து சரிவை ஊகித்து, செலவு குறையும் பக்கம் ஒரு காலடி வையுங்கள். மருந்து எட்டானாலும் எண்பதானாலும் சுற்றுக்கு 2 ஓட்டம்தான். இரண்டுக்கும் ஒரே சீட், அடுத்த சுற்றுக்குப் புது சீட். விற்பனையை முன்கூட்டியே மொத்தமாக உருட்டி வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஆர்டர் நாள் மாறியதும் ரேண்டம் எண்கள் இடம் மாறி, ஒரே சீட் வைத்த பலன் போய்விடும். காலடியின் நீளம் சுற்று எண்ணின் 0.602 அடுக்கால் வகுபட்டுக் குறையட்டும்.

கேட்டவர்:
முதலில் ஆர்டர் போடும் அளவே மைனஸில் போய்விட்டது, காலடியைப் பத்தில் ஒன்றாக்கிய பிறகு செலவு இறங்குகிறது. ஆனால் கடைசியில் அளவுகள் ஆடிக்கொண்டே இருக்கின்றன. எதை எடுப்பது?

பதில் 2:
கடைசிப் பாதிச் சுற்றுகளின் சராசரியை எடுங்கள். அப்புறம், இதுவரை தொடாத 30 சீடுகளில் பழைய அளவையும் புதியதையும் ஓட்டி ஒப்பிட்டுவிட்டு, கிடங்குக்காரரிடம் சொல்லுங்கள்.