வைஃபை அலையால் என் அக்காவுக்குத் தலைவலியா? அனுபவம் உள்ளவர்கள் உதவுங்கள்

அனைவருக்கும் வணக்கம். என் அக்கா எட்டு மாதங்களாகச் சரியாக உறங்கவில்லை. வீட்டுக்கு வைஃபை வந்ததிலிருந்து தலைவலி, படபடப்பு, கன்னத்தில் எரிச்சல் என்கிறாள். கட்டிலைச் சுற்றி அலுமினியத் தாளை ஒட்டி வைத்திருக்கிறாள். அவள் புரண்டு படுக்கும்போதெல்லாம் அது சரசரப்பது பக்கத்து அறையில் எனக்குக் கேட்கிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் 2005ஆம் ஆண்டுக் குறிப்பைப் படித்தேன். அறிகுறிகள் உண்மையானவை, ஆனால் மின்காந்தப் புலம்தான் காரணம் என்பதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்கிறது அது. நடத்துபவருக்கும் பங்கேற்பவருக்கும் தெரியாமல் அலையை இயக்கியும் நிறுத்தியும் பார்த்த ஆய்வுகளில், அலை எப்போது இருந்தது என்று இப்படிப்பட்டவர்களால் சொல்ல முடியவில்லை. அலையே இல்லாதபோதும் வலி வந்திருக்கிறது.

2011இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமையினர் (வைஃபையும் பயன்படுத்தும்) ரேடியோ அலைகளைப் 'புற்றுநோய்க்குக் காரணமாகலாம்' என்ற 2பி பிரிவில் சேர்த்தார்களே என்று அக்கா கேட்கிறாள். அது வேறு கேள்வி என்றால், "நீயும் என்னை நம்பவில்லை" என்று கதவைச் சாத்திக்கொள்கிறாள். அவள் வலி பொய் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை!

வீட்டில் இதே நிலையைப் பார்த்தவர்கள் சொல்லுங்கள். பேச்சை எப்படித் தொடங்கினீர்கள்? தைராய்டு, இரத்த சோகை, ஒற்றைத் தலைவலி ஆகியவற்றில் எதை முதலில் பார்க்கச் சொன்னார் மருத்துவர்? எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்ற உதவும் பேச்சுவழிச் சிகிச்சையான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை (CBT) யாருக்காவது பலன் தந்ததா? கவசத் துணி, கல், பதக்கம் எதையும் தயவுசெய்து பரிந்துரைக்க வேண்டாம். அவற்றுக்கு ஏற்கெனவே நிறையச் செலவழித்துவிட்டாள்.