பழைய தீர்த்தத்த என்ன பண்றது? பிள்ளைக்கு குடிக்கக் குடுக்கலாமா?

நெல்லை மருமக:
நான் சிஎஸ்ஐ (புராட்டஸ்டன்ட்), கட்டிக்கிட்டு வந்தது ஆர்சி (கத்தோலிக்க) வீடு. அத்தை ஈஸ்டர் ராப்பூசைல தீர்த்தம், அதாவது ஃபாதர் ஜெபம் சொல்லி மந்திரிச்ச தண்ணி, பிடிச்சுட்டு வந்து மாதா படத்துக்கிட்ட வச்சிருக்காங்க, பிள்ளைக்கு காய்ச்சல்னா நெத்தில சிலுவை போட்டுட்டு ஒரு மூடி குடிக்கவும் குடுக்குறாங்க. சண்டைக்காக கேக்கல. ஆனா பாட்டில் அடில பச்சையா பாசி கட்டிருக்கு. தண்ணிக்கே சக்தி இருக்குன்னா நம்புறீங்க? பழசானா சிங்க்ல ஊத்தலாமா?

மறைக்கல்வி டீச்சர்:
தண்ணிக்கு தனியா சக்தி இருக்குன்னு திருச்சபை சொல்லலம்மா. எல்லாமே ஞானஸ்நானத்துல இருந்து வர்றது. அந்த ஈஸ்டர் ராத்திரி ஃபாதர் பாஸ்கா திரிய, அதான் ஈஸ்டருக்கு ஏத்துற பெரிய மெழுகுதிரிய, தண்ணிக்குள்ள இறக்கி ஜெபம் சொல்வாங்க, நாம மெழுகுதிரிய கையில பிடிச்சுக்கிட்டு ஞானஸ்நான வாக்குறுதிய புதுப்பிப்போம், அதுக்கப்புறம் தான் நம்ம மேல தெளிப்பாங்க. கோயில் வாசல்ல விரல நனைச்சு சிலுவை போடுறதும் அந்த நினைப்புல தான். வீடு மந்திரிக்க (ஆசீர்வதிக்க), வண்டி மந்திரிக்கன்னு எடுக்குறது உங்களுக்கே தெரியும், ஆனா எனக்கு மனசுல நிக்கிறது அடக்கப் பூசை தான், சின்னப்பிள்ளைல தலைல தண்ணி ஊத்தி சேத்துக்கிட்டவங்கள கடைசில பெட்டி மேல தண்ணி தெளிச்சு அனுப்பி வைக்கிறோம்.

பாசி பிடிச்சத தயவுசெஞ்சு குடிக்கக் குடுக்காதீங்க, நெத்தில சிலுவை போட்டா போதும், காய்ச்சலுக்கு டாக்டர்ட்ட போங்க. சிங்க்ல வேண்டாம், மந்திரிச்சது சாக்கடைல கலக்கக் கூடாது, செடி மூட்டுல ஊத்துங்க.

கோட்டயம் வாசி:
எங்க ஆர்த்தடாக்ஸ் சபைல ஜனவரி 6 தெனஹா பெருநாள், இயேசு யோர்தான்ல ஞானஸ்நானம் வாங்குன நாள், அன்னைக்கு தண்ணிய ஆசீர்வதிச்சு எல்லாரும் குடிப்போம். ரஷ்யாலயும் வீட்டுல வச்சிருந்து குடிக்கிறாங்க, அங்க பழைய காலண்டர்ங்கறதால ஜனவரி 19. அதனால குடிக்கிறது ஒண்ணும் உங்க அத்தை கண்டுபிடிச்ச வழக்கம் இல்ல, சுத்தமா இருக்கணும் அவ்ளோதான்.

சாமுவேல்75:
சிஸ்டர், நம்ம புராட்டஸ்டன்ட் பக்கம் இத விட்டதுக்கும் காரணம் இருக்கு. ஜனங்க ஆண்டவர விட்டுட்டு தண்ணிய நம்பிருவாங்கங்கற பயம் சீர்திருத்தக் காலத்துல இருந்தே உண்டு. அது நியாயமான பயம்னு தான் இன்னைக்கும் நினைக்கிறேன், பில்லி சூனியம் எடுக்க தண்ணி குடுன்னு கேக்குறவங்கள பாத்திருக்கேன்.

மறைக்கல்வி டீச்சர்:
பிரதர் சொல்றது வாஸ்தவம், அப்படி கேட்டு வர்றவங்க எங்ககிட்டயும் உண்டு, ஜெபமும் விசுவாசமும் இல்லாம தெளிச்சா மாந்திரீகம் மாதிரி ஆயிரும்னு தான் பிள்ளைங்களுக்கும் சொல்லிக் குடுக்குறேன்.

நெல்லை மருமக:
நன்றி டீச்சர். இன்னொண்ணு, பக்கத்துலயே லூர்து தண்ணின்னு மாதா உருவத்துல ஒரு குட்டி பாட்டில் இருக்கு, அதுவும் தீர்த்தமா?

மறைக்கல்வி டீச்சர்:
இல்லம்மா, அது பிரான்ஸ்ல லூர்துங்கற ஊர்ல, 1858ல பெர்னதெத்ங்கற பொண்ணு மாதா காட்சி கண்ட கெபில (குகைல) ஊறுற ஊத்துத் தண்ணி. ஃபாதர் மந்திரிச்சா தான் தீர்த்தம். அத்தைக்கு அது யாராவது அங்க போய் கொண்டு வந்ததா இருக்கும், அத அப்படியே விட்டுருங்க. பாசி பாட்டில மட்டும் அத்தை கையாலயே செடிக்கு ஊத்தச் சொல்லுங்க, ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு ஃபாதர்ட்ட கேட்டா புதுசா மந்திரிச்சுக் குடுப்பாங்க.