வன்னியில வறுமை போக: படிப்புக்குக் காசா, கச்சானுக்கா?

மாங்குளத்தான்:
எங்கட பக்கத்து மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் கச்சான், அதுதான் நிலக்கடலை, வாங்கி, காயவைச்சு, வறுத்து, பைக்கற் போட்டு விக்கப் போகுதாம். லாபத்தில பிள்ளையளுக்குப் பின்னேர வகுப்பாம். தொடங்கிறதுக்கான முதலுக்கு வெளிநாட்டு ஆக்களிட்டக் காசு கேட்டிருக்கினம். நான் இதுக்கு எதிர்ப்பு. அந்தக் காசை நேரா படிப்பில போடுங்கோ. 1945இல் கல்வி அமைச்சரா இருந்த கன்னங்கரா இலவசக் கல்வி கொண்டு வந்ததாலதான் எத்தினையோ கமக்காரற்ற பிள்ளையள் உத்தியோகம் பார்த்தவை. இண்டைக்கும் கணித, விஞ்ஞானப் பிரிவுகளில பல்கலைக்கழக இடத்தில 40 வீதம்தான் நாடு முழுக்கப் போட்டி. 55 வீதம் மாவட்ட அடிப்படை, 5 வீதம் பின்தங்கின மாவட்டங்களுக்கு. முல்லைத்தீவுப் பிள்ளைக்கு இடம் இருக்கு. கணிதம் படிப்பிக்கத்தான் ஆள் இல்லை. வாற ரீச்சர்மார் இடமாற்றம் கிடைச்ச உடன யாழ்ப்பாணம் போயிடினம்.

ஒட்டுசுட்டான் அக்கா:
தம்பி, ரீச்சர் வந்தாலும் பிள்ளை வரவேணுமே. நான் படிப்பிக்கிறனான், கண்ணால பாக்கிறன். கச்சான் புடுங்கிற நாளில வகுப்பில பின் வாங்கு வெறிச்சோடிப் போகும். தாய் கூலிக்குப் போக, மூத்தவள் சின்னதுகளைப் பாத்துக்கொண்டு வீட்டில நிப்பாள்.

சொந்தமாக் கச்சான் போட்டவளின்ர நிலைமையும் அதுதான். புடுங்கின கையோட யாவாரி ஈரக் கச்சானை வாசலில வைச்சே மூட்டை கட்டுவான். முத்தத்தில படங்கை விரிச்சு நாலைஞ்சு நாள் காயவிட்டால் நல்ல விலை வரும், அவளுக்கும் தெரியும். ஆனால் கிழமைக் கடன்காரன் நாளைக்கு வருவான். அதே கச்சானைத்தான் முறிகண்டிப் பிள்ளையாரடியில பஸ்ஸால இறங்கி, கும்பிட்டிட்டு, சுடச்சுட வாங்கிறம். இடையில இருக்கிற காசு எங்க போகுது? சங்கம் பாதி விலையை உடன கையில குடுத்து, மிச்சத்தை வித்தாப்பிறகு குடுக்கும். முதல் காசு கேக்கிறது அதுக்குத்தான்.

மாங்குளத்தான்:
அக்கா, இதே கதையைச் சொல்லித்தான் 2009இல் யுத்தம் முடிஞ்ச பிறகு நுண்கடன் கொம்பனியளும் வந்தது. வங்காளதேசத்தில ஏழைப் பெண்களுக்குச் சின்னக் கடன் குடுத்த கிராமின் வங்கிக்கும் அதைத் தொடங்கின யூனுசுக்கும் 2006இல் நோபல் பரிசு கிடைச்சதைக் காட்டி, பெண்கள் முன்னேற்றம் எண்டவை. என்ன நடந்தது? குழுவாக் கடன் குடுத்து, ஒருத்தி தவணை கட்டாட்டி மற்றவையும் எழும்பிப் போகேலாமல் குந்தியிருந்தினம். கடைசியில 2018இல், வரட்சி பாதிச்ச மாவட்டங்களில பெண்கள் எடுத்த ஒரு லட்சம் ரூபா வரையான கடனை அரசாங்கம் பொறுப்பெடுக்க வேண்டி வந்தது. நல்ல பேரோட வாறது எல்லாத்தையும் நம்ப எனக்கு மனம் இல்லை.

கனகராயன்குளம்:
ரெண்டு பேரும் ஒண்டை விட்டிட்டியள். இது எங்களுக்குப் புதுசில்லை. பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கத்தில சீவல் தொழிலாளி கள்ளை ஊத்தி, அளவுக்குக் காசு வாங்கி, சேமிப்பும் போட்டவன். கடனுக்கும் இதுக்கும் உள்ள வித்தியாசம் அதுதான்: அவன் அங்க அங்கத்தவன். அதேநேரம், கணக்குக் காட்டாததால படுத்த சங்கங்களும் எனக்குத் தெரியும். மாசக் கணக்கை வாசிகசாலைச் சுவரில ஒட்டச் சொல்லுங்கோ. ஒட்டாட்டி நானும் ஒரு சதம் தரமாட்டன்.

மாங்குளத்தான்:
கணக்கை ஒட்டட்டும், நல்லது. ஆனால் மழை பிழைச்சு கச்சான் அழிஞ்சால் வகுப்பும் நிக்குமோ? ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) எடுக்கிற பிள்ளைக்கு அந்த வருசம் திரும்பி வராது.

ஒட்டுசுட்டான் அக்கா:
அது நியாயமான கேள்வி. வகுப்பை லாபத்தில கட்டிவைக்கக் கூடாது எண்டு கூட்டத்தில சொல்லுறன். லாபம் முழுக்கக் கச்சான் குடுத்தவளுக்கே போகட்டும். அவளின்ர கையில காசு இருந்தால் மூத்தவள் பள்ளிக்கூடம் வருவாள், எனக்கு அதுதான் வேணும். வகுப்புக்கு நீங்கள் வழி சொல்லுங்கோ.

மாங்குளத்தான்:
கிளிநொச்சி அறிவியல் நகரில யாழ் பல்கலைக்கழகப் பொறியியல் பீடம் இருக்கு. அங்க படிக்கிற பெடியள் சனி, ஞாயிறு வந்தால் கணிதம் படிப்பிக்கலாம். அவையின்ர பஸ் காசும் சாப்பாடும் நான் பொறுப்பு. கச்சானுக்கு இப்ப தரமாட்டன். முதல் போகத்துக் கணக்கு சுவரில ஏறட்டும், பாத்திட்டுச் சொல்லுறன்.