மலையூரில் வாசிப்புக் கூட்டம்: கேட்க வருவோரை நிலைநிறுத்துவது எப்படி?

ஜவ்வாது ஆசிரியை (கேள்வி)

ஜவ்வாது மலையிலுள்ள ஜமுனாமரத்தூரை ஒட்டிய மலைச் சிற்றூர் ஒன்றில் ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். பள்ளி ஆசிரியர்கள் சிலரும், பட்டப்படிப்பு முடித்துவிட்டு ஊரிலேயே இருக்கும் இளைஞர்களும் சேர்ந்து மாதம் ஒரு ஞாயிறு மாலையில் சொற்பொழிவும் நூல் வாசிப்பும் நடத்திவருகிறோம். வேலூரிலிருந்தோ திருவண்ணாமலையிலிருந்தோ பேச்சாளர்களை அழைக்கிறோம். நல்ல மனத்தோடுதான் வருகிறார்கள். ஆனால் மலைப்பாதையில் வந்து சேரவே பொழுது சாய்ந்துவிடுகிறது; இருட்டுவதற்குள் கீழே இறங்க வேண்டும் என்ற கவலையோடு பேசுவதால், முடிந்ததும் ஒரு கேள்விக்கும் நேரமிருப்பதில்லை.

இதைவிட எனக்குப் பெரிய குறையாகத் தோன்றுவது வேறு. நாற்காலிகளில் இருப்பவர்கள் பெரும்பாலும் என்னைப் போல வெளியூரிலிருந்து பணிக்கு வந்தவர்கள். ஊர்ப் பெரியவர்களும் பெண்களும் வாசலில் சற்று நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். எந்த நேரத்தில் வைத்தால், எந்த நூலை எடுத்தால், எப்படி நடத்தினால் அவர்கள் உள்ளே வந்து உட்காருவார்கள்? மலைப்பகுதியில் நடத்திய பழக்கமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற நூலகர், வேலூர்

அம்மா, முதலில் உங்கள் கூட்டத்தை அருகிலுள்ள பொது நூலகத்தின் வாசகர் வட்டத்தோடு இணைத்துக்கொள்ள முடியுமா என்று பாருங்கள். பணியாளர் மாற்றலாகிப் போனால் கூட்டமும் நின்றுபோவது மலையூர்களில் வழக்கம்; நூலகத்தின் பெயரில் நடந்தால் அடுத்து வருபவர் தொடர்வதற்கு ஒரு பிடி இருக்கும். 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி சொத்து வரியோடு நூலக வரியும் வசூலிக்கப்படுகிறது. ஆகவே நூலகத்தில் இடம் கேட்பதை எவரிடமோ சலுகை கேட்பதாக எண்ணித் தயங்க வேண்டியதில்லை. வரி கட்டுகிற மக்களின் இடம் அது.

நூலகர் எஸ். ஆர். அரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்பாட்டுக்கே என்பது. அதே ஆண்டில் மன்னார்குடி அருகே மேலவாசலில் மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுசெல்லும் நடமாடும் நூலகமும் தொடங்கப்பட்டது. உங்களுக்கும் அந்த வழிதான் பொருந்தும் என்பது என் கருத்து. ஜமுனாமரத்தூருக்கு எல்லாரும் வர வேண்டும் என்று எதிர்பார்க்காமல், ஒரு மாதம் ஒரு குக்கிராமம் என்று கூட்டத்தை நீங்களே கொண்டுசெல்லுங்கள். நாற்காலி வேண்டாம், பாய் போதும். நாற்காலி போட்டால் முன்வரிசை யாருக்கு என்ற கேள்வி வந்துவிடுகிறது.

போளூர் வாசகர்

நூலகர் ஐயா இடத்தைப் பற்றிச் சொன்னார். நான் நடத்தும் முறையைப் பற்றிச் சொல்கிறேன்.

நம் வட ஆர்க்காட்டுப் பகுதிக்கு நூல் வாசிப்புக் கூட்டம் புதிதன்று. போளூர், ஆரணி, செய்யாறு வட்டாரங்களில் திரௌபதி அம்மன் கோயில்களில் அக்னி வசந்த விழா நடக்கும்போது, நாள்தோறும் பிற்பகலில் பாரதச் சொற்பொழிவும் இரவில் தெருக்கூத்தும் நடக்கும். அர்ச்சுனன் தபசு, படுகளம், தீமிதி என்று விழா முடிவதற்குள் வில்லிபுத்தூரார் பாடிய வில்லிபாரதத்தின் முக்கியமான பகுதிகளெல்லாம் ஊரார் காதில் விழுந்துவிடும். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிமார்கூடத் துகிலுரிதலில் பிரசங்கியார் ஒரு பாட்டை விட்டுவிட்டால் கண்டுபிடித்துச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன்.

அங்கே பிரசங்கியார் வில்லிபாரதத்தைப் பற்றிப் பேசுவதில்லை, வில்லிபாரதத்தையே பேசுகிறார். ஒருவர் செய்யுளை இராகத்தோடு பாட, மற்றவர் அதற்குப் பொருள் விரிக்க, இடையில் உள்ளூர்ச் செய்தியும் சிரிப்பும் கலக்க, மீண்டும் அடுத்த செய்யுளுக்குப் போவார்கள். கேட்பவருக்கு ஒவ்வொரு நிலையிலும் பற்றிக்கொள்ள ஒரு பாட்டு இருக்கிறது. நம் இலக்கியக் கூட்டங்களிலோ நூலாசிரியரின் பெருமை, நூலின் சிறப்பு, பேச்சாளருக்கும் நூலாசிரியருக்கும் இருந்த நட்பு என்று ஒரு மணி நேரம் போய்விடுகிறது. நூலிலிருந்து ஒரு பக்கம் காதில் விழுவதில்லை. நூலைப் படிக்காதவர் அங்கே எதற்காக உட்கார்ந்திருக்க வேண்டும்? வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போன பெண்களின் முடிவு சரியானது என்றே நான் சொல்வேன்.

ஆகவே பேச்சாளரைத் தேடுவதைக் குறைத்து, உரக்க வாசிக்கத் தெரிந்த இருவரைத் தேடுங்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளில் குரல் வளமுள்ள ஒருவர் போதும். நேரத்தையும் பிற்பகலுக்கு மாற்றிவிடுங்கள்.

நூலைப் பொறுத்தவரை, மலைபடுகடாத்தை எடுக்கலாம் என்பது என் பரிந்துரை. பத்துப்பாட்டில் ஒன்று, 583 அடிகள், இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடியது. பாட்டுடைத் தலைவன் செங்கண்மாவை ஆண்ட நன்னன். அந்தச் செங்கண்மாதான் இன்று நீங்கள் மலையிலிருந்து இறங்கினால் வரும் செங்கம். பாட்டில் வரும் சேயாறு உங்கள் ஜவ்வாது மலையில் பிறந்து ஓடுகிற செய்யாறு. பரிசில் பெற்றுவந்த கூத்தன் ஒருவன், நன்னனிடம் செல்ல விரும்பும் மற்றொரு கூத்தர் கூட்டத்துக்கு மலைவழி சொல்வதாக அமைந்தது. பன்றிக்கு வைத்த பொறிகள் எங்கே இருக்கும், பாம்பு உறையும் குழிகளை எப்படிக் கடப்பது, தினைப்புனம் காப்போர் யானையை விரட்ட எறியும் கவண்கல்லுக்கு எப்படித் தப்புவது, பாசி வழுக்கும் இடத்தில் எதைப் பற்றிக்கொள்வது என்று அடுக்கிக்கொண்டே போகிறது. நன்னனைப் புகழும் அடிகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். வழி சொல்லும் பகுதியிலிருந்தே தொடங்குங்கள். பிறகு மலையில் எழும் ஓசைகளைத் தொகுத்துச் சொல்லும் இடம். அருவியின் ஒலி, யானையின் முழக்கம், தினை குற்றும் பெண்களின் பாட்டு என்று வரிசையாக வரும் அந்தப் பகுதியை வாசித்துவிட்டு, இன்று உங்கள் மலையில் இவற்றில் எவை கேட்கின்றன என்று மட்டும் கேளுங்கள். அதற்குப் பின் நீங்கள் பேச வேண்டியிருக்காது.

புதூர்நாட்டு இளைஞன்

நான் ஜவ்வாது மலையின் திருப்பத்தூர்ப் பக்கத்தைச் சேர்ந்த மலையாளிப் பழங்குடியினன். போளூர் ஐயா சொன்ன வாசிப்பு முறை எனக்குப் பிடித்திருக்கிறது. நூலைப் பற்றி ஒரு தயக்கம் உண்டு.

மலைபடுகடாத்தில் வரும் மலைமக்கள் குறவரும் கானவரும் ஆவர். எங்கள் பெரியவர்களைக் கேட்டால், முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்த வேளாண்குடிகள் என்றுதான் சொல்வார்கள். இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் உங்களைப் பற்றிப் பாடியிருக்கிறார்கள் பாருங்கள் என்று வெளியூர்க்காரர் ஒருவர் தொடங்கினால், அவர்கள் மரியாதைக்காகத் தலையசைத்துவிட்டு அடுத்த மாதம் வரமாட்டார்கள். மலை என்றாலே தேன், தினை, வேடன் என்று முடித்துவிடும் பேச்சைப் பலமுறை கேட்டுவிட்டோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்களை எப்போதும் கேட்பவர்களாகவே வைத்திருக்கிறீர்கள். காஞ்சியிலிருந்து வந்த கதையை ஊருக்கு ஊர் சற்று மாற்றிச் சொல்கிறார்கள். சாமைக் கொல்லையில் பாடும் பாட்டு இருக்கிறது. எந்த ஓடைக்கு எதனால் அந்தப் பெயர் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். கூட்டத்தின் முதல் பாதியை அவர்களுக்குக் கொடுங்கள். நூல் இரண்டாம் பாதியில் வரட்டும். பதிவு செய்வதாக இருந்தால் முன்பே சொல்லிச் சம்மதம் பெறுங்கள். பேசிக்கொண்டிருக்கும்போது கைப்பேசியை முகத்துக்கு நேரே நீட்டினால் பாட்டி வாயை மூடிக்கொள்வார்.

நாளைப் பொறுத்தவரை, சாமை அறுப்பின்போதும் புளி உலுக்கும் காலத்திலும் எந்த ஞாயிறும் பயன்படாது. மற்ற மாதங்களில் சந்தை நாளன்று பிற்பகல் வைத்தால், எப்படியும் ஊருக்குள் வந்திருப்பவர்கள் பேருந்து வரும்வரை உட்காருவார்கள்.

போளூர் வாசகர்

தம்பி சொல்வது நியாயமானது. அதை ஏற்றுக்கொண்டே ஒன்று சொல்கிறேன். அந்தப் பாட்டை இவர்களின் முன்னோர் வரலாறு என்று வாசிக்க வேண்டாம். இந்த மலையின் வழிகாட்டி நூல் என்று வாசியுங்கள். குடிகள் மாறியிருக்கலாம், பாறையும் ஆறும் அவைதாமே. பாட்டில் சொன்ன வழி தவறு, இந்தப் பக்கம் அப்படி ஏற முடியாது என்று உங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் மறுத்துப் பேசினால் கூட்டம் அங்கேதான் தொடங்கியது என்று கொள்ளலாம்.

நடுகற்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெயர் பொறித்து நட்ட கற்கள் வழியில் நிற்பதைப் பாட்டே சொல்கிறது. செங்கம் வட்டாரத்தில் கிடைத்த பல்லவர் காலத்து நடுகற்கள் பல, மாட்டு மந்தைகளுக்காக நடந்த ஆநிரைப் போரில் இறந்த வீரர்களுக்கு எழுப்பப்பட்டவை. தமிழ்நாடு தொல்லியல் துறை 1972இல் அவற்றின் கல்வெட்டுகளைத் தனி நூலாகவே வெளியிட்டது. ஒரு கல்வெட்டு நான்கைந்து வரிதான் இருக்கும். ஒரு கூட்டத்துக்கு ஒன்றை வாசித்தால் போதும்.

வாணியம்பாடி வான்நோக்கி

அறிவியலையும் விட்டுவிடாதீர்கள். காவலூர் வான் ஆய்வகம் உங்களுக்கு அருகில்தான் இருக்கிறது. அங்குள்ள 2.3 மீட்டர் தொலைநோக்கி இந்தியாவிலேயே வடிவமைத்துச் செய்யப்பட்டது; 1986 சனவரியில் அதற்கும் ஆய்வகத்துக்கும் வானியலாளர் வைணு பாப்புவின் பெயர் சூட்டப்பட்டது. யுரேனசுக்கு வளையங்கள் உண்டு என்பதற்கு 1977இல் சான்று கிடைத்த இடங்களில் காவலூரும் ஒன்று. 1988இல் அங்கே கண்டுபிடிக்கப்பட்ட சிறுகோளுக்குக் கணித மேதை இராமானுசனின் பெயர். பக்கத்து மலைமுகட்டில் நடந்த இவற்றை மலையூர்ப் பிள்ளைகளுக்கு யாராவது சொல்ல வேண்டாமா?

இந்த ஒரு கூட்டத்தை மட்டும் இரவில் வையுங்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, வானம் தெளிந்திருக்கும் பிப்ரவரியோ மார்ச்சோ ஏற்றது. படவீழ்த்தி தேவையில்லை, தெருவிளக்கை அணைத்துவிட்டு வெளியே பாய் விரித்தால் போதும். ஆறாமீன் என்னும் கார்த்திகையைப் பெரியவர்கள் காட்டட்டும். மற்றதை அழைத்துவரும் ஆய்வாளர் சொல்லட்டும். காவலூரிலிருந்து பேச ஆள் கேட்பதானால், அதை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனத்துக்கு முன்கூட்டியே எழுதி அனுமதி பெறுங்கள்.

ஜவ்வாது ஆசிரியை

அனைவருக்கும் நன்றி. எங்கள் குழுவில் இவற்றைப் படித்துக் காட்டினேன். அடுத்த கூட்டத்தைச் சந்தை நாளன்று பிற்பகலில் வைக்கிறோம், பேச்சாளர் இல்லை. முதல் பாதியில் இரண்டு ஊர்ப் பெரியவர்கள் காஞ்சியிலிருந்து வந்த கதையைத் தத்தம் ஊர் வழக்கப்படி சொல்ல ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். இருவர் கதையும் ஒத்துப்போகாது என்று இப்போதே சொல்லிச் சிரிக்கிறார்கள். பிறகு மலைபடுகடாத்தில் வழி சொல்லும் பகுதி.

போளூர் ஐயா, ஓர் ஐயம். மலைபடுகடாத்தின் ஆசிரியப்பாவை எந்த முறையில் உரக்க வாசிப்பது? விருத்தம் போல இராகத்தில் அமையவில்லை. பிள்ளைகள் செய்யுளை ஒப்பிப்பது போல ஒரே மூச்சில் ஓடுகிறார்கள்.

போளூர் வாசகர்

இராகம் வேண்டாம், அம்மா. ஆசிரியப்பாவின் ஓசை பேச்சுக்கு நெருங்கியது. அடி முடியும் இடத்தில் நிறுத்தாமல், பொருள் முடியும் இடத்தில் நிறுத்தச் சொல்லுங்கள். எட்டுப் பத்து அடிக்கு ஒருமுறை நின்று, அதே செய்தியைப் பேச்சுத் தமிழில் இன்னொருவர் சொல்லட்டும். பிறகு அந்த அடிகளை மறுபடியும் வாசிக்கட்டும். இரண்டாம் முறை கேட்கும்போதுதான் சொற்கள் பிடிபடும். ஒரு கூட்டத்துக்கு நாற்பது அடிக்கு மேல் வேண்டாம்.

புதூர்நாட்டு இளைஞன்

கடைசிப் பேருந்துக்கு அரை மணி முன்பே முடித்துவிடுங்கள், டீச்சர். எங்கள் பக்கத்திலிருந்து நான்கைந்து பேரை நான் அழைத்துவருகிறேன்.