[சிங்கப்பூர்த் தமிழ் மடற்குழு: கலைச்சொல்] நாய் ‘பாயிண்ட்’ செய்வதற்குத் தமிழ் என்ன?

ஈசூனிலிருந்து:
அன்பர்களுக்கு வணக்கம். பிரிட்டனி என்னும் வேட்டைநாய் இனத்தின் களப்போட்டி பற்றிய ஆவணப்படத்திற்குத் தமிழ்த் துணைவரிகள் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை கெடு. பறவையின் வாடை பட்டதும் நாய் ஓட்டத்தை நிறுத்தி, மூக்கை அத்திசையில் நீட்டிக் கல்லாய்ச் சமைந்துவிடும். நன்கு பழகிய நாய், பறவை எழும்பினாலும் துப்பாக்கி வெடித்தாலும் அசையாது. அந்த நிலைதான் ‘பாயிண்ட்’. ‘சுட்டுதல்’ எனலாமா?

ஜூரோங்கிலிருந்து:
துப்பாக்கி இருக்கும் படத்தில் ‘நாய் பறவையைச் சுட்டது’ என்று வந்தால் விளங்கிவிடும்!

பிடோக்கிலிருந்து:
தம்பி, ‘சுடு’ என்பதன் இறந்தகாலம் சுட்டது. ‘சுட்டு’ என்பதன் இறந்தகாலம் சுட்டியது. இலக்கணத்தில் குழப்பமே இல்லை. ஆனால் அந்த நாயை என்னவென்று அழைப்பீர்கள்? ‘சுட்டி நாய்’ என்றால் குறும்புக்கார நாய் ஆகிவிடும். ஆகவே ‘குறித்தல்’ என்பேன். புறநானூற்றின் 33ஆம் பாடலில் வேட்டுவனோடு ‘கதநாய்’ (சினமுள்ள நாய்) வருகிறது. தொல்காப்பிய மரபியல் நாயின் இளமைப் பெயரைக் ‘குருளை’ என்கிறது. ‘நாய்க்குட்டி’ என்று எழுதிவிடாதீர்கள்.

உட்லண்ட்ஸிலிருந்து:
ஐயா, குருளை என்றால் என் வகுப்பு மாணவர்கள் உருளைக்கிழங்கை நினைப்பார்கள். ‘குறிக்கும் நாய்’ என்றாலோ குறி சொல்லும் நாய். பேசாமல் ‘பாயிண்ட்’ என்றே விடுங்கள். இந்த நாய் நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளுக்கான அனுமதிப் பட்டியலிலேயே இல்லை. இதற்கு ஏன் இத்தனை மடல்கள்?

ஈசூனிலிருந்து:
நிற்பதுதான் இந்த இனத்தின் அடையாளம், அக்கா. ஸ்பானியல்கள் பறவையைக் கிளப்பிவிடும், இது நிற்கும். அதனால்தான் நாய் இனங்களைப் பதிவுசெய்யும் அமெரிக்க கென்னல் கிளப் 1982இல் இதன் பெயரிலிருந்து ‘ஸ்பானியல்’ என்பதை எடுத்துவிட்டது. பிரெஞ்சுக்காரர்கள் விடவில்லை; அங்கே இன்றும் ‘எப்பான்யல் பிரெத்தோன்’தான். இன்னொரு சிக்கல்: போட்டியில் நாய்களை இணை இணையாக ஓடவிடுவார்கள். ஒன்று நின்றதைக் கண்டால், வாடை கிடைக்காவிட்டாலும் மற்றதும் நிற்க வேண்டும். ‘பேக்கிங்’ என்கிறார்கள்.

ஜூரோங்கிலிருந்து:
வழிமொழிதல்! ஒன்று முன்மொழிகிறது, மற்றது வழிமொழிகிறது. நம் சங்கக் கூட்டங்களிலும் விஷயம் தெரியாமல்தானே வழிமொழிகிறோம்?

பிடோக்கிலிருந்து:
நாய்க்கு ஏது மொழி? ‘வழிநிற்றல்’ என்க.

ஈசூனிலிருந்து:
வழிநிற்றல் அருமை, ஐயா. கடைசியாக ‘லைன் பிரீடிங்’. புகழ்பெற்ற மூதாதை ஒன்றின் குணங்களைத் தக்கவைக்க, அதன் வழிவந்த உறவு நாய்களையே இணைசேர்ப்பது. தாய் அல்லது தந்தை மட்டும் பொதுவான இரண்டை இணைத்தாலே, குட்டிகளின் உட்கலப்புக் கெழு (ஒரே மூதாதையின் மரபணு இரு பெற்றோர் வழியாகவும் வந்து சேரும் வாய்ப்பு) 12.5 விழுக்காடு. ‘அகமணம்’ என்று எழுதியிருக்கிறேன்.

உட்லண்ட்ஸிலிருந்து:
அகமணமா? பத்திரிகை அடித்துத் தாலியும் கட்டுவார்களா? ‘கொடிவழிக் கலப்பு’ போதும். ‘உட்கலப்பு’ இதைவிட நெருங்கிய உறவுக்கு இருக்கட்டும்.

பிடோக்கிலிருந்து:
கொடிவழி நல்ல சொல். ‘கலப்பு’ என்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை. கலக்கக் கூடாது என்பதற்காகச் செய்வதைக் கலப்பு என்பதா? ‘கொடிவழிப் பேணல்’.

ஜூரோங்கிலிருந்து:
இணைசேர்ப்பது எங்கே போயிற்று, ஐயா? தலைமுடியைப் பேணுவதுபோல் இருக்கிறது.

ஈசூனிலிருந்து:
துணைவரிக் கோப்பை அனுப்பிவிட்டேன். சுட்டி நிற்றல், வழிநிற்றல், கொடிவழிக் கலப்பு. முதல் முறை வரும் இடத்தில் மட்டும் ‘பாயிண்ட்’ என்பதையும் சேர்த்திருக்கிறேன். மூவர் ஒப்பினர், பிடோக் ஐயா ஒப்பவில்லை. அனைவருக்கும் நன்றி.

பிடோக்கிலிருந்து:
‘சுட்டி நிற்றல்’ இரண்டு வினை, கலைச்சொல் ஆகாது. என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். அதுபோக, ‘துணைவரி’ என்று யார் தொடங்கியது? ஜிஎஸ்டிக்கு மேல் இன்னொரு வரியா?