கிரவுன் போட்ட பல்லில் திரும்பவும் சீழ்ப்பரு: கழற்றத்தான் வேணுமா?

நிலாவெளி:
அம்மாவுக்கு மேல்வாயில் இடப்பக்க முதலாம் கடைவாய்ப்பல். ரூட் கனால் (நரம்பை எடுத்து வேர்க் கால்வாயை அடைக்கிற சிகிச்சை) செய்து கிரவுன் (பல்லை மூடுகிற உறை) போட்டு 2 வருசம். இப்ப கடிக்கேக்க நோகுது. முரசில் பரு ஒன்று வந்து உடையுது, திரும்ப வருது. அன்ரிபயோட்டிக் குடித்தால் ஒரு கிழமை சுகம், பிறகும் அதேதான். நரம்பு எடுத்த பல் எப்படி நோகும்?

உவர்மலை:
நரம்பு எடுத்தது பல்லுக்குள்ளே மட்டும். நோகிறது வேர் நுனியைச் சுற்றியிருக்கிற சவ்வும் எலும்பும். பல்லுக்குள் இரத்த ஓட்டம் இல்லாததால் அன்ரிபயோட்டிக் அங்கே போய்ச் சேராது. வெளி வீக்கம் வத்தும், கிருமி உள்ளேயே கிடக்கும். மாத்திரையை மாத்தி மாத்திக் குடிப்பதில் பிரயோசனமில்லை.

இந்தப் பல்லில் முதல் சந்தேகம் தவறவிட்ட 4ஆவது கால்வாய்தான். வேர் 3 என்றாலும், கன்னப்பக்க முன்வேரில் பெரும்பாலும் 2 கால்வாய் இருக்கும். இரண்டாவது ஒடுக்கம், நேராக எடுத்த எக்ஸ்ரேயில் மற்றதுக்குப் பின்னால் மறைந்துவிடும். சரித்தும் ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கோ. சி.பி.சி.ரி. ஸ்கான் (பல்லை முப்பரிமாணத்தில் காட்டுகிற எக்ஸ்ரே) இன்னும் தெளிவு. பருவின் துவாரத்துக்குள் மெல்லிய கட்டாபேர்ச்சா (வேரை அடைக்கிற ரப்பர் மாதிரிப் பொருள்) குச்சியை விட்டுப் படம் எடுத்தால், எந்த வேர் நுனியில் சீழ் என்று அதுவே காட்டும்.

தம்பலகாமம்:
எல்லாத்துக்கும் முதல் வேர் வெடிப்பைப் பாருங்கோ. முரசோரம் புரோப் (ஆழம் அளக்கிற மெல்லிய கருவி) விடேக்க ஒரே ஒரு இடத்தில் மட்டும் ஒடுங்கி ஆழமாய் இறங்கினால், வேர் நெடுக்காக வெடித்திருக்கக்கூடும். அது உறுதியானால் அந்தப் பல்லுக்குக் காசு செலவழிக்க வேண்டாம், கழற்றுவதே சரி.

வெடிப்பு இல்லையென்றால் பல்லைக் காப்பாற்றப் பாருங்கோ. கிரவுன் விளிம்பு இறுக்கமாக இருந்தால் மேலால் துளை போட்டே பழைய நிரப்பியை எடுத்து, ஹைப்போகுளோரைட் என்ற கிருமிநாசினியால் கழுவி, கல்சியம் ஹைட்ரொக்சைட் மருந்தை உள்ளே 1–2 கிழமை வைத்து, திரும்ப அடைக்கலாம். விளிம்பில் சூத்தை இருந்தால் கிரவுனைக் கழற்றத்தான் வேணும். இல்லாட்டி எச்சில் கசிந்து திரும்பவும் பழுக்கும். உள்ளே போஸ்ட் (கிரவுனைத் தாங்க வேருக்குள் வைக்கிற கம்பி) இறுகி, கால்வாயால் போக வழியில்லை என்றால் வேர் நுனியை வெட்டி எடுக்கும் சத்திரசிகிச்சை இருக்கு.

நிலாவெளி:
நன்றி. அதுவரை நோவுக்கு? அம்மா பிரஷருக்கு மருந்து குடிக்கிறா.

உவர்மலை:
ஈரல் வருத்தம் இல்லை, உடம்பும் நல்லா மெலியவில்லை என்றால் பரசிற்றமோல் 500 மி.கி. 2 மாத்திரை, 6 மணித்தியாலத்துக்கு ஒருக்கா. ஒரு நாளைக்கு 8க்கு மேல் வேண்டாம். பிரஷர் மருந்தோடு இப்புபுரோபனை டொக்டரைக் கேட்காமல் குடுக்காதேங்கோ. காய்ச்சலும் இருந்தால், டெங்கு இல்லை என்று தெரியும்வரை அதைத் தொடவே கூடாது. வீக்கம் கண்ணுக்கோ கழுத்துக்கோ பரவினால், வாய் திறக்க, விழுங்கக் கஷ்டப்பட்டால், கிளினிக் நாள் வரட்டும் என்று இருக்காமல் உடனே பெரியாஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கோ.